ஒரே ஓ.எஸ், ஒன்பது வீடு

வீடு வீடாப் போய் கம்ப்யூட்டருக்கு ஓ.எஸ், அதாவது அதை ஓட வைக்கிற அடிப்படை சாஃப்ட்வேர், போடுற தொழில்ல கைக்கு வேலை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பயந்துக்கினு காத்திருக்கிறதுதான். ஸ்க்ரீன்ல ஒரு நம்பர் ஏறும். பத்து பெர்சன்ட், இருபது, முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சுல நின்னுடும். வீட்டுக்காரர் பின்னாடி வந்து நின்னு, "நின்னு போச்சா?"ன்னு கேப்பார். "இல்லைங்க, உள்ள ஓடிக்கினு இருக்கு"ன்னு நாம சொல்லுவோம். உள்ள ஓடுதா, உயிரை விட்டுடுச்சான்னு நமக்கும் தெரியாது. இதே தொழில்ல இருக்கிறவங்க இந்த இடத்துல ஒரு பெருமூச்சு விடுவீங்க, எனக்குத் தெரியும். மத்தவங்க, உங்க வீட்டுக்கு வர்ற ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க, போதும்.

எனக்குக் கடை கிடையாது. வீடு திண்டிவனத்துல, வாடிக்கை பாதி விழுப்புரத்துல, நடுவுல ஒரு வண்டி, தோள்ல ஒரு பை. பைக்குள்ள ஸ்க்ரூ டிரைவர், தூசி தட்ட ஒரு பிரஷ், ரெண்டு பென்டிரைவ், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். நான் சுபாவத்துலயே பயந்தவன். கதவைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பார்த்துட்டு, தெருமுனை வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து அஞ்சாவது தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவன் மூணு மாசம் ஒரு திருட்டு வேலையைக் கூசாம செஞ்சேன். அதைத்தான் இங்க சொல்லப் போறேன்.

நாப்பதுக்குக் கீழ

செஞ்சி ரோட்டுல ஒரு ஊர். அந்தப் பக்கத்துச் சமணக் குடும்பங்களை நயினார்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். என்னைக் கூப்பிட்ட நயினாருக்கு நெல்லும் மல்லாட்டையும், அதான் வேர்க்கடலையும், சாகுபடி. ஒரே பொண்ணு, பேரு ஜினமதி. அவங்க வேலை பார்த்த தனியார் ஸ்கூலை மூடிட்டாங்க. ரெண்டு வருஷமா வீட்டுல உட்கார்ந்து பார்க்கிற இடமெல்லாம் விண்ணப்பம் போட்டு, கடைசியா சென்னையில ஒரு கம்பெனி எடுத்துக்கிச்சு. வீட்டுல இருந்தபடியே இன்சூரன்ஸ் பேப்பரைப் பார்த்து டைப் அடிச்சு அனுப்புற வேலை. ஒரு கண்டிஷன், கம்ப்யூட்டர்ல இருக்கிற ஓ.எஸ் ஒரிஜினலா இருக்கணும். ட்ரெயினிங் தொடங்குற அன்னிக்கு அவங்களே நெட் வழியா உள்ள புகுந்து பார்ப்பாங்க. ஒரிஜினல் இல்லன்னா அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

நயினார் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், கடையில ஒரிஜினல் பெட்டியே வாங்கி வந்திருந்தார். பில்லைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு பத்திரம் வைக்கிற டிரங்குப் பெட்டியில வச்சிருந்தார். ஓ.எஸ் பெட்டிக்குள்ள ஒரு அட்டை, அதுல இருபத்தஞ்சு எழுத்து. அதுதான் சாவி. ஒரு சாவிக்கு ஒரு கம்ப்யூட்டர். "ஆன்லைன்ல சல்லிசா சாவி மட்டும் விக்கறாங்களாமே, ஏங்கய்யா அலைஞ்சீங்க?"ன்னு கேட்டேன். "அது எவனோடதோ, நமக்கு எதுக்கு தம்பி?"ன்னார்.

மதியம் மூணு மணிக்கு ஆரம்பிச்சேன். பழைய மிஷின், அஞ்சரைக்கு நாப்பது பெர்சன்ட்ல நின்னுடுச்சு. அவங்க வீட்டுல பொழுது சாயறதுக்கு முன்னாடி சாப்பிட்டாகணும், அதுக்கப்புறம் யாரும் வாயில ஒண்ணும் வைக்க மாட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. வெங்காயம் போடாத கேப்பை அடை மணக்குது. எனக்கோ அந்த நம்பரை விட்டுட்டு எழுந்திரிக்கக் கால் வரல. "நான் அப்புறம் சாப்பிடறேங்க"ன்னேன். நயினார் எனக்குப் பக்கத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்க்ரீனுக்கு எதிரா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ போய் சாப்புடு தம்பி, நான் பாத்துக்கினு இருக்கேன். நாப்பதுக்குக் கீழ எறங்கினா கூப்புடறேன்."

பையில ஒண்ணு

வேலை முடிஞ்சுது. டைப்பிங் சாஃப்ட்வேர், தமிழ் எழுத்து, பிரின்டர் எல்லாம் ஓடுது. கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முடிச்ச கம்ப்யூட்டரை அப்படியே முழுசா ஒரு காப்பி எடுத்து என் ஹார்ட் டிஸ்க்ல போட்டுக்குவேன். நாளைக்கே அது படுத்துடுச்சுன்னா மூணு மணி நேரம் உட்கார வேண்டாம், இருபது நிமிஷத்துல அந்தக் காப்பியைத் திருப்பி இறக்கிடலாம். ஜினமதி பார்த்துட்டு, "அது என்னண்ணே?"ன்னு கேட்டாங்க. "உங்களுக்காகத்தாம்மா, ஒரு பத்திரத்துக்கு"ன்னேன். அன்னிக்கு அது சத்தியமான வார்த்தை.

மத்த வீடுகளுக்கு நான் போடுறது ஊரே போடுற டூப்ளிகேட். அது ரெண்டு வாரம் ஒழுங்கா ஓடும், அப்புறம் ஸ்க்ரீன் ஓரத்துல 'இது உண்மையான காப்பி இல்லை'ன்னு எழுத்து வந்து உட்காரும். போன் வரும். போகணும், துடைச்சிட்டுத் திரும்பப் போடணும். மாசத்துல பாதி நாள் இப்படி நான் போட்டதை நானே போய்ப் போட்டுக்கினு இருந்தேன். விழுப்புரத்துல ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற பாபு என் கூட்டாளி. அவன்கிட்ட பேச்சுவாக்குல நயினார் வீட்டு ஒரிஜினலைப் பத்திச் சொன்னேன். ஒரு மவுஸை எடுத்துத் துடைச்சிக்கினே இருந்தான். அப்புறம் சொன்னான்.

"ஒரிஜினலப் பையில வச்சிக்கினு ஊருக்கெல்லாம் டூப்ளிகேட் போடறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான் சேகரு."

காணையில வந்த பேர்

ஒரே ஒரு தடவைதான்னு நினைச்சேன். நம்புங்க.

காணையில கரும்பு போடுற ஒரு வீடு. பொண்ணோட காலேஜ் விண்ணப்பத்துக்கு அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட கெடு முடியுது. மூணரைக்கு என் டூப்ளிகேட் எண்பது பெர்சன்ட் ஏறின நேரத்துல கரண்ட் போச்சு. கரண்ட் திரும்பி வந்தப்ப மணி நாலு. ஓ.எஸ் பாதியில செத்துக் கிடக்கு. பொண்ணு மூலையில நின்னு அழுவுது. டிஸ்க்கை எடுத்து, நயினார் வீட்டுக் காப்பியை இறக்கிட்டேன். இருபது நிமிஷம்தான். நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போயிடுச்சு.

அதுக்கப்புறம்தான் நிதானமா கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். ஸ்க்ரீன் நடுவுல பெரிய எழுத்துல 'ஜினமதி'ன்னு பேர் வந்து நின்னுச்சு. பேரை மாத்த மறந்துட்டேன். வீட்டுக்கார அம்மா பேரு கஸ்தூரி. அவங்க அந்த எழுத்தை ஒரு தடவை, புருஷனை ஒரு தடவை பார்த்தாங்க. அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா எல்லாம் தெரிஞ்சவர் மாதிரி வேர்த்துப்போச்சு. "அது சாஃப்ட்வேரோட பேருங்கம்மா"ன்னு நான் உளறினேன். கஸ்தூரியம்மா முந்தானையால அந்த ஸ்க்ரீனைத் துடைச்சாங்க.

"பேரு நல்லாத்தான் இருக்குது, ஆனா நாளைலேர்ந்து இதுல என் பேரு வரட்டும்."

ஒரு நூல் வித்தியாசம்

காணையில எந்த எழுத்தும் ஓரத்துல வந்து உட்காரல. ஒரு மாசம் ஆச்சு, போனே வரல. எனக்கு இது புதுசு. தினம் ராத்திரி படுக்கிறப்ப, போன் வராததே ஒரு பயமா இருந்துச்சு. ஆனா காலையில எழுந்தா அதே காப்பியைத்தான் கை தேடுது. ஓமந்தூர்ல ஒரு ரிட்டயர்ட் டிரில் மாஸ்டர் கேட்டார், "ஒரிஜினலா?"ன்னு. "ஒரிஜினல்தான் சார்"ன்னேன். பொய் இல்லையே, ஒரிஜினல்தானே. யாரோடதுன்னு அவர் கேக்கல.

வானூர்ல அண்ணன் தம்பி மூணு பேர், ஒரே வளாகத்துல மூணு வீடு. பாகம் பிரிச்சதுலேர்ந்து ஒருத்தன் வீட்டுல தண்ணித் தொட்டி வந்தா மத்த ரெண்டு வீட்டுலயும் அதே அளவுல தொட்டி வந்தாகணும். பெரியவருக்கு மட்டும் ஓ.எஸ் போடத்தான் போனேன். முடிக்கிறதுக்குள்ள மத்த ரெண்டு பேரும் ஆளுக்கொரு சி.பி.யூவைத் தூக்கிக்கினு வந்து வராந்தாவுல வச்சிட்டாங்க. ஒரே சாவி, ஒரே நாள்ல, ஒரே வாசல்ல மூணு மிஷின். சின்னவருக்கு வேற காப்பி போடறேன்னு சொல்லிப் பார்த்தேன். அவர் அண்ணன் ஸ்க்ரீனையும் தன் ஸ்க்ரீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதெல்லாம் வேணாம், அண்ணனுக்கு என்னா போட்டியோ அதையே போடு, ஒரு நூலு வித்தியாசம் இருந்தாலும் நாளைக்கு எனக்குத்தான் பேஜாரு."

பொய் சொல்றவன் மூஞ்சி

விழுப்புரத்துல ரெண்டு வீடு சேர்ந்துச்சு. கடைசியா என் வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் போட்டுக்கிட்டேன், ஊருக்கே போடுறோம், நமக்கென்னன்னு. ஆக, நயினார் வீட்டைச் சேர்க்காம எட்டு வீடு. இந்தச் சாவி இருக்கே, நெட் கிடைச்ச உடனே அதைச் செஞ்ச கம்பெனிக்குச் சேதி சொல்லிடும், நான் இன்ன மிஷின்ல இருக்கேன்னு. நாலஞ்சு வரைக்கும் அவங்க கண்டுக்கல. அதுக்கு மேல சாவியையே செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க. அது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, ஒரு வியாழக்கிழமை காலையில ஜினமதி போன் பண்ணினாங்க. ரெண்டு தடவை தள்ளிப்போன ட்ரெயினிங் இப்ப முடிவாயிடுச்சு, வர்ற திங்கட்கிழமை பத்து மணிக்கு. ஆனா ரெண்டு நாளா அவங்க ஸ்க்ரீன் கறுப்பாக் கிடக்காம். ஓரத்துல எழுத்து வந்திருக்கு, இது உண்மையான காப்பி இல்லையாம்.

ஊர்லயே காசு கொடுத்து வாங்கினது அவங்க ஒருத்தர்தான். வண்டியை எடுத்துக்கினு ஓடினேன். வீட்டுல நயினார் டிரங்குப் பெட்டியைத் திறந்து பில்லை வெளியில எடுத்து வச்சிருந்தார். முந்தின நாளே புதுச்சேரிக்குப் போய், கடைக்காரர்கிட்ட பத்து பேர் முன்னாடி திருட்டுச் சரக்கான்னு கேட்டுட்டாராம். அந்த ஆள் கற்பூரத்தை அணைக்காத குறையா சத்தியம் பண்ணியிருக்கார். நயினாருக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் ஸ்க்ரீனைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டு, "கம்பெனி பக்கம் ஏதோ கோளாறுங்கய்யா, ரெண்டு நாள்ல சரியாயிடும்"னேன். நயினார் என்னையே பார்த்துக்கிட்டுப் பேசினார்.

"எனக்கு ஒண்ணும் புரியல தம்பி, பொய் சொல்றவன் மூஞ்சி மாதிரி இல்ல அவன் மூஞ்சி."

பிடுங்கப் போன இடம்

எட்டு வீட்டுலயும் எடுத்துட்டா சாவிக்குத் திரும்ப உயிர் வந்துடும்னு நானா ஒரு கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை விடிஞ்ச உடனே என் வீட்டுல துடைச்சேன். அப்புறம் காணை. கஸ்தூரியம்மா, "நல்லா ஓடறத எதுக்குய்யா கழட்டற?"ன்னு கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காம வழி விட்டாங்க. விழுப்புரத்து ரெண்டு வீட்டுல ஒண்ணு பூட்டிக் கிடந்துச்சு. வானூர்ல பெரியவர் சம்மதிச்சார், அதைப் பார்த்த தம்பிங்க ரெண்டு பேரும், அண்ணனுக்கு மட்டும் ஏதோ புதுசு வந்திருக்குன்னு முந்திக்கினு வந்து நின்னாங்க. மூணு வீட்டுலயும் எடுத்துட்டு மூணு வீட்டுலயும் ஒரே டூப்ளிகேட்டை ஏத்தினேன். மதியம் சாப்பிடல. பசிக்கவும் இல்ல.

சனிக்கிழமை ஓமந்தூர். டிரில் மாஸ்டர் கதவுக்குக் குறுக்க நின்னுக்கிட்டார். வைரஸ்னேன், அப்டேட்னேன், கம்பெனி திரும்பக் கேக்குதுன்னேன். ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டினாரே ஒழிய நகரல. என் குரல் எனக்கே வேற யாரோ பேசற மாதிரி கேட்டுச்சு.

"ஒரிஜினல்னு சொல்லித்தானே போட்ட, ஒரிஜினலா இருந்தா எதுக்குய்யா திருப்பிக் கேக்கற?"

பாபு சொன்ன வழி

எட்டுல ஆறுதான் எடுக்க முடிஞ்சுது. நேரா பாபு கடைக்குப் போய் ஸ்டூல்ல உட்கார்ந்தேன். பாபு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். எடுத்தாலும் பிரயோஜனம் இல்லையாம், ஒரு தடவை அங்க பதிவாயிட்டா ஆயிடுச்சாம். ஆனா வழி இருக்குன்னான். ஓ.எஸ் கம்பெனிக்கு ஒரு இலவச நம்பர் உண்டு. கூப்பிட்டா பதிவு பண்ணின குரல் பேசும். ஸ்க்ரீன்ல வர்ற நீளமான நம்பரை அமுக்கணும். கடைசியா, இந்தக் காப்பியை எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்கன்னு கேக்கும்.

நான் அவன் வாயையே பார்த்தேன். ஜினமதிக்கு எதுவும் தெரியாது. தெரியாத பொண்ணு தன் வீட்டை நினைச்சு ஒண்ணுன்னு அமுக்கினா அது பொய்யா? பொய் என்னோடது, அவங்களோடது இல்லையேன்னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டேன். மூணு நாளைக்கு அப்புறம் அப்பத்தான் மூச்சு சீரா வந்துச்சு. பாபு டம்ளரை வாங்கிக் கீழ வச்சான்.

"ஒண்ணுன்னு அமுக்கு, தொறந்துக்கும். அதுக்கு மேல எவனும் உன்ன எந்தக் கேள்வியும் கேக்க மாட்டான்."

எத்தனை கம்ப்யூட்டர்

ஞாயித்துக்கிழமை காலை ஒன்பது மணி, நயினார் வீடு. போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை நடுவுல வச்சோம். ஸ்க்ரீன்ல ஆறு ஆறா ஒன்பது வரிசை நம்பர். நயினார் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரிசையா உரக்கப் படிக்கிறார், ஜினமதி அமுக்குறாங்க. பாவம், அந்த மனுஷன் ஒவ்வொரு வரிசையையும் ரெண்டு தடவை படிச்சார், தப்பு வந்துடக் கூடாதுன்னு. நான் பின்னாடி நின்னு மனசுக்குள்ள சாமியை வேண்டிக்கிட்டு இருந்தேன். எல்லா வரிசையும் சரியாப் போயிடுச்சு.

குரல் இங்கிலீஷ்ல கேட்டுச்சு. ஜினமதி ஒண்ணு மேல விரலை வச்சிட்டு என் பக்கம் திரும்பினாங்க. "எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்கன்னு கேக்குதுண்ணே. போட்டவரு நீங்கதானே, சொல்லுங்க, ஒண்ணுதானே?" நான் 'ம்'னு சொல்லியிருந்தா போதும். வாயைத் திறக்கவே வேண்டாம். தலையை ஆட்டியிருந்தா கூடப் போதும். மூணு நாளா எத்தனையோ பேர்கிட்ட வாய் கூசாம பொய் சொன்னவன் நான். அந்தப் பொண்ணு என் முகத்தைப் பார்த்துக் கேட்டதும் எனக்கு என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. "ஒன்பது"ன்னுட்டேன்.

சொன்னதும் நிறுத்த முடியல. காணை, ஓமந்தூர், வானூர்ல மூணு, விழுப்புரத்துல ரெண்டு, என் வீடுன்னு ஒரே மூச்சுல கொட்டினேன். புதுச்சேரிக்காரர் மேல தப்பில்லைன்னேன். அழுகை வந்துடுச்சு, வெக்கமா இருந்துச்சு. குரல் அதே கேள்வியை ரெண்டாம் தடவை கேட்டுச்சு. ஜினமதி அப்பாவைப் பார்த்தாங்க. நயினார் போனைப் பார்த்தார். மூணாம் தடவை கேட்டப்ப ஜினமதி விரலை எடுத்து ஒன்பது மேல வச்சு அமுக்கிட்டாங்க. இந்தக் காப்பியைத் திறக்க முடியாது, மன்னிக்கணும்னு சொல்லிட்டு போன் தானா அணைஞ்சுது. நாளைக்குப் பத்து மணி அந்த அறையில எங்க கூடவே நின்ன மாதிரி இருந்துச்சு. நயினார் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சார்.

"சொன்னதுதான் சொன்ன, அவ அந்த ஒண்ண அமுக்கின பிற்பாடு சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

ஷட்டருக்கு முன்னாடி

புதுசா ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துடலாம்னா, ஞாயித்துக்கிழமை புதுச்சேரிக் கடை லீவு. வேற கடைகளை அலசினேன், விழுப்புரம், திண்டிவனம் எங்கயும் பில்லோட ஒரிஜினல் இல்ல. திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் புதுச்சேரியில ஷட்டருக்கு முன்னாடி நின்னேன், புதுச் சாவியைப் போன்லயே சொல்லி பத்துக்குள்ள மாத்திடலாம்னு. மணி ஒன்பது, ஒன்பதரை. பத்தும் அடிச்சுடுச்சு. பத்தே காலுக்கு ஜினமதி ஒரு மெசேஜ் அனுப்பினாங்க. சென்னைக் கம்பெனிக்காரங்க பார்த்தாங்களாம், இன்னிக்கு ட்ரெயினிங்ல சேர்த்துக்க முடியாதுன்னுட்டாங்களாம். இவங்க நடந்ததை மறைக்காம சொல்லிக் கெஞ்சினதுல, ஒரு மாசம் கழிச்சு வர்ற அடுத்த செட்டுல இடம் இருந்தா பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. இருந்தா. அந்த ஒரு வார்த்தையை நான் அங்க நின்னுக்கிட்டே பல தடவை படிச்சேன்.

பத்தரைக்குக் கடை திறந்துச்சு. என் கைக்காசுல ஒரு புதுப் பெட்டியை வாங்கிட்டு, நயினார் கேட்டதுக்கு நான்தான் காரணம்னு சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கத்துவார்னு எதிர்பார்த்தேன். கடைக்காரர் ரொம்பச் சோர்ந்து போய் உட்கார்ந்தார்.

"அந்தப் பெரியவர் என்னக் கேட்டத நான் எனக்குச் சரக்கு தர்றவனக் கேட்டுட்டேன், பன்னண்டு வருஷப் பழக்கம், இப்ப அவன் போனே எடுக்க மாட்டேங்கறான்."

வாசல்ல

அன்னிக்கு மதியமே பெட்டியோட நயினார் வீட்டுக்குப் போனேன். ட்ரெயினிங்குக்குப் போட வச்சிருந்த புதுச் சுடிதாரைத்தான் ஜினமதி போட்டிருந்தாங்க, மாத்தவே இல்ல. கண் சிவந்திருந்துச்சு. நயினார் கழனிக்குப் போயிட்டாராம். திட்டுவாங்க, பெட்டியை வாங்கி வச்சிட்டு வேற ஆளைக் கூப்பிட்டுக்கறோம்னு சொல்லுவாங்கன்னு வழியெல்லாம் நினைச்சுக்கிட்டு வந்தேன். அப்படிச் சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். எப்பவும் போல "வாங்கண்ணே"ன்னு கதவைத் திறந்தாங்க. செருப்பைக் கழட்டினேன். உள்ள கால் வைக்கப் போனப்ப அவங்க பார்வை என் பை மேல போச்சு. குரல்ல கோபமே இல்ல, தண்ணி வேணுமான்னு கேக்கிற மாதிரிதான் சொன்னாங்க.

"அந்த டிஸ்க்கையும் செருப்பு பக்கத்துலயே விட்டுட்டு வந்துடுங்கண்ணே."

விட்டுட்டுத்தான் போனேன், ஆனா ஊரெல்லாம் அடுத்தவங்க சாவியைக் காப்பி போட்டவன், புதுசாத் துடைச்சுப் போட்ட அந்த மூணு மணி நேரமும் பெர்சன்ட்டைப் பார்க்காம, வாசல்ல கிடக்கிற டிஸ்க்கை எவனாவது தூக்கிக்கினு போய்க் காப்பி எடுத்துடுவானோன்னு எட்டி எட்டிப் பார்த்துக்கினு இருந்தேன் பாருங்க, இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த அனுபவம் அவ்வளவுதாங்க.